பார்த்தவர் கை தெரியக் கூடாது

நாச்சிமுத்துவின் வேலை கைகளை அழிப்பது.

கொலையோ கொள்ளையோ, பார்த்தவர் வாயால் சொல்ல, ரைட்டர் உட்கார்ந்து எழுதிக்கொண்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது சாட்சியின் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, "அன்னைக்கு நடந்தத மனசுல ஓட்டுங்க" என்பார்கள். அவர் ஓட்டுவது அப்படியே பதிவாகும். அதே பட்டையை நீதிபதி கட்டிக்கொண்டால், சாட்சி நின்ற இடத்திலேயே நின்று, சாட்சியின் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். பக்கத்தில் சாக்கடை நாறியிருந்தால் அந்த நாற்றமும் வரும்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. காகிதமாக இருந்தவரை பெயர்மேல் மையைத் தடவினால் போதும், சாட்சி மறைந்துவிடுவார். நினைவுக்குள் எப்படி மறைவது? கதவைத் திறக்கக் கையை நீட்டினால் கை தெரியும். இருமினால் இருமல் கேட்கும். எட்டு வைத்தால் அவர் உயரம் தெரிந்துபோகும். அதனால் விசாரணைப் பதிவுகளை நீதிமன்றம் தவிர வேறு யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தார்கள். செத்தவரின் பெண்டாட்டி பிள்ளைகள் வாசலில் வந்து அழுதாலும் கிடையாது என்றார்கள்.

பிறகு சட்டம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவிட்டது. செத்தவர் வீட்டார் கேட்டால், சாட்சி யாரென்று தெரியாதபடி மறைத்த பிரதியைக் காட்டலாம். அந்த மறைப்பு வேலைக்குத்தான் நாச்சிமுத்து கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தான். மேன்ஷனில் ஒரு அறை, மெஸ்ஸில் சாப்பாடு, பகலெல்லாம் முகம் தெரியாதவர்களின் கைகள். அந்த ஊரில் அவனுக்கு மனிதர்களைத் தெரிந்ததைவிடக் கைகளைத்தான் அதிகம் தெரியும். சில சமயம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்து, இதை அழித்திருக்கிறோமோ என்று யோசிப்பான்.

"என்னவே, இன்னைக்கு எத்தன கைய வெட்டினீரு?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் டீ கிளாஸோடு உள்ளே வருவார் ஏட்டையா ஆறுமுகநயினார். பதிவறைக்குக் காவல் அவர்.

"வெட்றதில்லீங்க ஏட்டையா. அழிக்கறதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதாம்வே. ஊர்ல உள்ள ரவுடி ஒரு கைய வெட்டிட்டு ஜெயிலுக்குப் போறான். நீரு நூத்துக்கணக்குல வெட்டிச் சம்பளம் வாங்குதீரு."

நாச்சிமுத்து அழித்து முடித்த பிரதி ஒரு இயந்திரத்துக்குள் போகும். அலுவலகத்தில் அதற்கு 'மோப்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர் மக்களின் நடை, குரல், உயரம் எல்லாம் அதற்கு அத்துப்படி. பதிவை முகர்ந்து பார்த்து, இது யாருடைய கண் என்று தேடும். கண்டுபிடித்துவிட்டால் சிவப்பு விளக்கு. மறுபடி அழிக்க வேண்டும். எதை அழிக்க வேண்டும் என்று மோப்பத்துக்குத் தெரியும். எதை விட்டுவைக்க வேண்டும் என்று தெரியாது. அதற்குத்தான் மனிதன்.

ஜெனோவா என்ற அந்தப் பெண் வந்தது ஒரு திங்கட்கிழமை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். உப்புக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்ப்பவள்.

"உக்காருங்க அம்மணி."

"அம்மணியா?" அவள் முகத்தில் சிரிப்பு வந்து போனது. "கோயம்புத்தூரா சார்?"

"கோபிப் பக்கமுங்க."

"எங்கப்பா கேசு சார். பேரு இன்னாசி. தோணியில வேல பாத்தாவ. எனக்கு அப்ப அஞ்சு வயசு. ஏதோ கடத்தல் மூட்டைய ஏத்தச் சொல்லியிருக்கானுவ, இவிய மாட்டேன்னு சொல்லியிருக்காவ. தோணிக்கும் துறைமுக ஜெட்டிச் சுவருக்கும் நடுவுல தள்ளி விட்டுட்டானுவ."

"தண்டனை ஆச்சுங்களே?"

"ஆச்சு. யாரோ ஒருத்தர் பாத்திருக்காவ. அவிய சாட்சியிலதான் உள்ள போனானுவ. மூடுன கோர்ட்டு. எங்களக்கூட உள்ள விடல." அவள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள். "அந்தச் சாட்சி யாருன்னு எனக்கு வேண்டாம் சார். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த எடத்துல எங்க பெரியப்பா நின்னாவளா இல்லையா?"

நாச்சிமுத்து பேனாவை எடுத்தான். அவளே தொடர்ந்தாள்.

"தொம்மைன்னு பேரு. எங்கப்பாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன். அன்னைக்கு விடியக்காலம் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருக்காவ. அப்பா செத்த சேதி ஊருக்கே தெரியாது அப்ப. அம்மா கதவத் தொறக்கவும் ஒரு மருந்து பாட்டில படியில வச்சிட்டு, வாயத் தொறக்காமத் திரும்பிப் போயிட்டாவ. பெறகுதான் சேதி வருது. அப்ப முன்னாலயே தெரிஞ்சிருக்குன்னுதான சார் அர்த்தம்? அதுக்கு முந்தின வாரம் அந்த ஆளுங்ககூட டீக்கடையில நின்னத வேற ஊரே பாத்திருக்கு. அம்மா சாகுற வரைக்கும் அவிய முகத்துல முழிக்கல."

"போலீஸ்ல இதச் சொன்னீங்களா?"

"சொந்தப் புருஷனோட அண்ணன எப்படிச் சொல்ல? குடும்ப மானம்னு அம்மா வாயப் பொத்திக்கிட்டாவ. தெருவுல திட்டுனதோட சரி."

"இப்ப எதுக்குங்க கேக்கறீங்க, இத்தன வருஷம் கழிச்சு?"

"எனக்குக் கல்யாணம் சார். எங்க வழக்கத்துல அப்பாதான் கையப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போவாவ. அப்பா இல்லன்னா பெரியப்பா. நான் வரட்டுமான்னு ஆள் விட்டுக் கேக்காவ." குனிந்து ஹெல்மெட் வாரை இழுத்தாள். "வராதியன்னு சொல்லணும்னா நான் தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லணும். வாங்கன்னு சொல்லணும்னாலும் அப்படித்தான்."

அவள் போன பிறகு ஏட்டையா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கொடுக்கப் போறீரா?"

"சட்டம் இருக்குதுங்களே."

"சட்டம் கெடக்குவே. தள்ளுனவன்ல மூணு பேரு வெளிய வந்தாச்சு. சாட்சி யாருன்னு இன்னைக்கும் தேடிட்டுத்தான் இருக்கான். எல்லாத்தையும் தொறந்து விட்டா நாளைக்கு எவம்வே சாட்சி சொல்ல வருவான்?"

"எல்லாத்தையும் பூட்டியே வச்சா அந்தப் பொண்ணு யாரக் கூப்புடறது, யாரத் தள்ளறதுன்னு எப்படீங்க முடிவு பண்ணும்?"

ஏட்டையா டீயை உறிஞ்சினார். "ரெண்டும் சரிதான். அதனாலதான் நமக்குச் சம்பளம்."

நாச்சிமுத்து பட்டையைக் கட்டிக்கொண்டு பதிவுக்குள் போனான். சாட்சியின் பெயர் அவனுக்கும் தெரியாது. வெறும் எண்தான்.

தூறல். வெளுத்தும் வெளுக்காத வானம். மீன் வாடையும் டீசல் வாடையும். பக்கத்துத் தோணியில் நின்று யாரோ பார்க்கிறார். ஜெட்டியில் வாக்குவாதம். மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு வெற்றுடம்போடு ஒருவன் நிமிர்கிறான், அவன்தான் இன்னாசி; கழற்றிய சட்டை பக்கத்துக் கம்பத்தில் தொங்குகிறது. அப்புறம் அந்தத் தள்ளல். தள்ளியவர்கள் ஓடுகிறார்கள். பார்த்தவரும் ஓடுகிறார், ஆனால் சுவரை நோக்கி. ஒரு கை கயிற்றை எடுத்து வீசுகிறது. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்த, காய்ப்பேறிய கை. கீழே இன்னாசி கயிற்றைப் பிடித்துக்கொள்கிறான். மேலே பார்க்கிறான். பார்த்துச் சிரிக்கவும் செய்கிறான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. "பாப்பாவுக்குக் காச்சல். மருந்து சட்டப் பையில இருக்கு, கொண்டு கொடுத்துரு" என்கிறான். அலை தோணியைத் தூக்கிச் சுவரோடு சாத்துகிறது. கயிறு உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கை விடவில்லை. மறுமுனையில்தான் பாரம் இல்லாமல் போனது.

நாச்சிமுத்து பட்டையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வேலையை ஆரம்பித்தான். கையை அழித்தான். கயிறு தானாகப் பறந்து போய் விழுவதுபோல ஆனது. மோப்பம் சிவப்பு காட்டியது. மூச்சிரைப்பை அழித்தான். சிவப்பு. ஓட்டத்தின் ஆட்டத்தைச் சமன் செய்தான். பார்த்தவர் சட்டையிலிருந்து வந்த பீடி வாடையை எடுத்தான். மறுபடி சிவப்பு. "சட்டப் பையில" என்ற பேச்சையும் தூக்கிவிடலாமா என்று ஒரு தரம் கை போனது. ஒரு அப்பன் கடைசியாகத் தன் பிள்ளையைப் பற்றிப் பேசியது. அதையும் எடுத்துவிட்டால் அந்தப் பெண் வந்து எதைப் பார்ப்பாள்? அந்த மருந்துதான் வாசல்படிக்கு வந்த பாட்டிலோ என்ற எண்ணம் அவனுக்கு வராமல் இல்லை. சாட்சி கையிலிருந்து அது யார் யார் கை மாறிப் போயிருக்குமோ என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் அவனுக்கு விருப்பமாக இருந்தது. விட்டுவைத்தான்.

கடைசியில் விளக்கு பச்சையாக எரிந்தது. இன்னாசியை அவன் தொடவே இல்லை. மறைப்பது பார்த்தவரை, பார்க்கப்பட்டவரை அல்ல. அவர்கள் பாடத்தில் முதல் வரியே அதுதான்.

பிரதியைப் பார்க்க வந்த அன்று ஜெனோவா வெள்ளைச் சுடிதாரில் வந்தாள். ஜெபத்துக்குப் போய்விட்டு நேராக வருவதாகச் சொன்னாள். சின்ன அறை, இரண்டு நாற்காலி. நாச்சிமுத்து அவள் நெற்றியில் பட்டையைக் கட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தான். அவள் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்குவதையும், ஒரு இடத்தில் உடம்பு தூக்கிப்போடுவதையும் பார்த்தான். கண்ணீர் பட்டைக்குக் கீழே இறங்கியது.

முடிந்ததும் அவளே கழற்றினாள்.

"தண்ணி குடிங்க அம்மணி."

"எங்கப்பா சின்னப் பையன் மாதிரி இருக்காவ சார்."

"ஏனுங்க?"

"வீட்டுல போட்டோ இருக்கு. கடாமீசை வச்சிக்கிட்டு, அய்யனார் மாதிரி இருப்பாவ. இதுல பாத்தா..." அவள் கையைத் தாழ்த்திக் காட்டினாள். "தூக்கி இடுப்புல வச்சிக்கலாம் போல இருக்கு. அப்பறம் அந்தப் பல்லு."

"பல்லுங்களா?"

"பல்லு ஒடஞ்சது பள்ளிக்கூடத்துல படிக்கையில. கல்யாணத்துக்கு ரொம்ப முந்தியே அதக் கட்டிச் சரி பண்ணிட்டாவளாம். எங்கம்மாவே அந்த ஒடஞ்ச பல்லப் பாத்ததில்ல, சொல்லக் கேட்டதுதான். சாவும்போது எப்படி சார் மறுபடி ஒடஞ்சிச்சு?"

நாச்சிமுத்துவுக்கு உச்சியில் யாரோ தட்டியதுபோல இருந்தது.

நினைவு கேமரா இல்லை என்பது அவனுக்குத் தெரியாததா? பயந்தவர்கள் நினைவில் திருடன் பனைமரம்போல நிற்பான். வாத்தியாரைப் பதிவு செய்தால் கையில் இல்லாத பிரம்பும் சேர்ந்து வரும். நீதிபதிகள் அதையெல்லாம் தள்ளிவிட்டு நடந்ததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மனசு தனக்கு நெருக்கமானவரை முதலில் பார்த்தபடியேதான் கடைசிவரை பார்க்கும். இன்னாசியைச் சிறுவனாக, ஓட்டைப் பல்லோடு பார்த்துப் பார்த்து வளர்த்த ஒருவரின் கண் அது. கையை அழித்தான், மூச்சை அழித்தான். பாசத்தை அழிக்க மறந்துவிட்டான். மோப்பத்துக்கும் அது வாடை அடிக்கவில்லை.

ஜெனோவா அவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"மருந்து சட்டப் பையில இருக்கு..." என்றாள் மெதுவாக. "கொண்டு கொடுத்துரு..."

அப்புறம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம்.

வாசலில் வைத்த பாட்டில். அது கை மாறி வரவில்லை. எந்தப் பாட்டிலைக் காட்டி ஒரு குடும்பமே ஒரு மனிதனைக் கொலைகாரன் கூட்டாளி என்று ஒதுக்கி வைத்ததோ, அந்தப் பாட்டில். தம்பி செத்த கையோடு, கிழிந்த உள்ளங்கையோடு, தம்பி சொன்ன ஒரே வேலையை முடிக்க வந்திருக்கிறான் அண்ணன். முந்தின வாரம் டீக்கடையில் அந்த ஆட்களோடு நின்றதும் தம்பியை விட்டுவிடச் சொல்லிக் கேட்கத்தான் இருக்கும். வாயைத் திறந்தால் அழுதுவிடுவான் என்றுதான் திறக்கவில்லை. அப்புறம் சாட்சி சொல்லிவிட்டு, இத்தனை வருஷமும் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் திறக்கவில்லை.

இதையெல்லாம் இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் பெயர் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை.

"சார்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாக்குறவங்களுக்குச் சாட்சி யாருன்னு தெரிஞ்சு போச்சுன்னா என்ன ஆவும்?"

"பொதுவாச் சொல்றனுங்க." நாச்சிமுத்து ஒலிப்பதிவுப் பொத்தானை இன்னும் தொடவில்லை. "முடிஞ்ச ஒடனே நான் ஒரு கேள்வி கேக்கோணும். ஒலிப்பதிவு ஆகும். தெரிஞ்சுதுன்னு சொன்னீங்கன்னா, சாட்சியக் காப்பாத்தறதுக்கு அவர ஊர் மாத்திருவாங்க. பேரு மாத்தி, எங்கயோ கொண்டு போயி வச்சிருவாங்க. சொந்தக்காரங்க கண்ணுல அதுக்கப்பறம் படமாட்டாருங்க."

"வயசானவங்களா இருந்தா?"

"யாரா இருந்தாலுங்க."

"தெரிஞ்சிக்கிட்டு வெளிய போயி ஒரு வாய் தவறிச் சொல்லிட்டா?"

"ஜெயில்ல இருந்து வந்தவனுக ஊர்லதான் சுத்தறாங்க அம்மணி."

அவள் தலையாட்டினாள். தரையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினான். அவள் உண்மையைச் சொன்னால் ஒரு கிழவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் அந்தக் கிழவரின் உயிர் இனி இந்தப் பெண்ணின் நாக்கு நுனியில்.

"சாட்சி யாருன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"தெரியல சார்."

"சந்தேகமாவது?"

"ஒண்ணும் தெரியல. கயிறு தானா வந்து விழுந்த மாதிரி இருந்திச்சு." அவள் நேராக அவனைப் பார்த்தாள். "யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

பொத்தானை அணைத்தான். போலீஸ் துறை இத்தனை பூட்டுப் போட்டுக் காத்த ரகசியத்துக்கு அன்று ஒரு ஆள் கூடுதலாகக் காவலுக்கு வந்தாள். சம்பளம் கிடையாது, ஓய்வும் கிடையாது.

மறுநாள் நாச்சிமுத்து மேலதிகாரியிடம் போனான். இனிமேல் பார்க்கப்பட்டவரையும் போட்டோவோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே பிரதி கொடுக்க வேண்டும், சாட்சியின் மனசும் ஒரு அடையாளம்தான் என்றான். எந்தக் கேசில் தோன்றியது என்று அவர் கேட்டார். "பொதுவாத் தோணுச்சுங்க" என்றான். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நல்ல யோசனை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜெனோவா பத்திரிகை கொடுத்திருந்த கல்யாணத்துக்கு ஏட்டையாதான் இழுத்துக்கொண்டு போனார். "வாரும்வே. மெஸ் சாம்பாரத் தின்னு தின்னு மூஞ்சியே சாம்பார் மாதிரி ஆயிட்டு. பிரியாணி போடுதாவ."

மாதா கோயில் வாசலில் கூட்டம். வெயில் ஏறாத காலை, கடற்காற்று. நாச்சிமுத்து ஒரு தூணோரமாக நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"தொம்மைய வரச் சொல்லிருக்கா பாத்தியா? அவ அம்ம இருந்திருந்தா நடக்குமா?"

"நானும் கேட்டேன்ட்டீ. 'அப்பா இல்லன்னா பெரியப்பா, அதான முறை? முறைய நான் மாத்த முடியுமா'ங்கா. நெஞ்சழுத்தம்!"

"மன்னிச்சிட்டாளோ?"

"மன்னிக்கல்லாம் இல்லயாம். முறைக்குத்தானாம்."

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டான் நாச்சிமுத்து. பாசம் என்று சொல்லியிருந்தால் ஊர் காரணம் தேடும். முறை என்று சொன்னால் யாரும் எதையும் தேட மாட்டார்கள்.

கார் வந்து நின்றது. ஜெனோவா வெள்ளைப் பட்டில் இறங்கினாள். வாசற்படிக்கு ஒதுங்கினாற்போல ஒரு வயதானவர் நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. கூப்பிட்டார்களே தவிர, பக்கத்தில் வரலாமா கூடாதா என்று தெரியாதவர்போல நின்றார். அவளே அவரிடம் நடந்து போய்க் கையை நீட்டினாள்.

அவர் கையைக் கொடுத்தார்.

சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு பழைய தழும்பு, கயிறு ஓடிய தடம்போல.

பழக்க தோஷம். நாச்சிமுத்துவின் வலது கை விரல்கள் தானாக அசைந்தன, அழிப்பதற்கு.

பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் பீடத்தின் பக்கம் திரும்பினார்கள். அந்த ஒரு விநாடியில் ஜெனோவா பெரியவரின் காதருகே குனிந்தாள். தூணோரம் நின்ற நாச்சிமுத்துவுக்கு மட்டும் கேட்டது.

"எனக்கு அன்னைக்கே காச்சல் விட்டுட்டு பெரியப்பா."

கிழவர் நடக்கவில்லை. அவளைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. இத்தனை வருஷப் பழக்கம். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவளும் வேறெதுவும் சொல்லவில்லை. அவர் கையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுகப் பிடித்துக்கொண்டு, "வாங்க, எல்லாரும் பாக்காவ" என்றாள்.

இரண்டு பேரும் உள்ளே நடந்தார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கை அத்தனை பேர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது. நாச்சிமுத்து தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னவே கண்ணு கலங்குது?" என்றார் ஏட்டையா. "அந்தப் பெரியவர உமக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க ஏட்டையா," என்றான் நாச்சிமுத்து. "பந்தி எந்தப் பக்கமுங்க?"